பதினாறு வீட்டு ‘ஓம்’

இல்லை என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. இந்தக் குணத்தால் ஒரு நல்ல வேலையையும் ஏழு மாதங்களையும் இழந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு இணுவில் வீட்டில் இருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தேன். வயது முப்பது. அப்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளவிலும் முருங்கைக்காய், மாங்காய், தேங்காய் என்று மிஞ்சிக் கிடக்கிறது. அதை அக்கம்பக்கத்தாருக்கு விற்க ஒரு செயலி. ‘வளவு’ என்று பெயரும் வைத்தேன். (பெயருக்கு மட்டும் பத்து நாள் யோசித்தேன். மற்றதை யோசிக்கவில்லை.)

செயலியைக் கட்டுவதற்கு முன், பாவிக்கப்போகிறவர்களிடம் போய்க் கேட்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சனம் ஓம் என்றால்தான் வேலையை விடுவது என்று தீர்மானித்தேன். அவ்வளவு நிதானமான ஆள் நான்! கேள்விகளை அச்சடித்தும் வைத்தேன்.

“நீ தனியப் போனா ஒருத்தரும் கேற் திறக்கமாட்டினம், நாய்தான் வரும்,” என்றார் அம்மா. “எனக்குத் தெரிஞ்ச வீடுகளாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போறன். அந்த நீலச் சேட்டை மினுக்கிப் போடு.”

சேட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும்.

போன வீடெல்லாம் பற்றிஸ், கேக். அந்த வீட்டு மகள் தேத்தண்ணி கொண்டுவருவார். நான் தாளை விரித்து, “உங்கடை வளவு எத்தினை பரப்பு? கிணத்துத் தண்ணி நல்லதோ? வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?” என்று வரிசையாகக் கேட்பேன். (வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்குள்ள பெற்றோருக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கும் வசதியும் திட்டத்தில் இருந்தது.) ஒரு வீட்டில் தகப்பன் எழுந்து உள்ளே போய்க் காணி உறுதிப் பத்திரத்தையே கொண்டுவந்து காட்டினார். ‘பாவனையாளர் ஆர்வம்: மிக அதிகம்’ என்று குறித்துக்கொண்டேன்.

“இப்பிடி ஒரு செயலி வந்தாப் பாவிப்பியளோ?”

“ஓம் தம்பி, கட்டாயம். பிள்ளைக்கும் கொம்பியூட்டரெண்டா நல்ல விருப்பம்.”

பதினாறு வீட்டிலும் இதே பதில். பதினேழாவது வீடு உடுப்பிட்டியில். அந்த வீட்டு மகள் கணக்கு ரீச்சர். தேத்தண்ணியை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

“உந்தச் செயலியை ஒருத்தரும் பாவிக்கமாட்டினம்.”

“ஏன்?”

“பக்கத்து வீட்டுக்கு முருங்கைக்காய் விக்கிறதோ? வேலியாலை சும்மா குடுப்பம். அவை மாங்காய் தருவினம். காசு வாங்கினாப் பிறகு அவையின்ரை முகத்திலை முழிக்கேலுமோ?”

அவருடைய தாய் அவரைக் கிள்ளியதை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துப் போட்டேன். பதினாறுக்குப் பதினாறு ஓம்! திங்கட்கிழமை வேலையை விட்டேன்.

ஏழு மாதம் கழித்து ‘வளவு’ வெளியானது. முதல் மாதம் சேர்ந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, அப்பா. அம்மா எங்கள் வீட்டுத் தேங்காயை விற்பனைக்குப் போட்டார். அப்பா தவறுதலாக எதையோ அமத்தி அதை வாங்கிவிட்டார். அதற்குமேல் வியாபாரம் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காணி உறுதி காட்டியவர் தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, ஏழு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். ஓமோ இல்லையோ, ஒரு முடிவைச் சொல்லுங்கோ.”

“அது வெளியாலை வந்திட்டுது ஐயா. போனிலை இறக்கிப் பாக்கலாம்.”

“என்னத்தை இறக்கிறது? நான் பிள்ளையின்ரை சம்பந்தத்தைப் பற்றியெல்லோ கதைக்கிறன்!”

ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “செயலிக்காக வேலையையும் விட்டனான் ஐயா,” என்றேன்.

“வேலை இல்லையோ?”

தொடர்பு அறுந்தது. அன்று பின்னேரத்துக்குள் பதினாறு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. ஒரு வீடு தன் மகளின் சாதகத்தை ஆள்விட்டுத் திருப்பி வாங்கியது. அது எங்கள் வீட்டில் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அம்மாவிடம் பாய்ந்தேன். அவர் அசையவில்லை. “நீ மரத்தைக் கேட்டாய், நான் பிள்ளையளைப் பாத்தன். ஒரே பயணத்திலை ரெண்டு அலுவல். உனக்கு விளங்குமெண்டெல்லோ நினைச்சன்!”

வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. என்னைக் கட்டும் எண்ணம் துளியும் இல்லாத ஒருவர்தான் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாளைத்தான் நான் கிழித்தேன். பிறகு கெஞ்சிக் கூத்தாடிப் பழைய நிறுவனத்திலேயே சேர்ந்தேன். நான் வேலை பழக்கிவிட்டவர் இப்போது எனக்கு மேலாளர். கல்யாணமும் இன்னும் ஆகவில்லை.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் புதிய யோசனை ஒன்றைச் சொன்னேன். “இந்தமுறை வடிவா விசாரிச்சிட்டன். பத்து வீட்டிலை கேட்டன், பத்து வீடும் ஓமெண்டுது.”

அப்பா புட்டைப் பிசைந்தபடியே கேட்டார்: “கலியாணம் ஆகாத குமர் இருக்கிற வீடோ, இல்லாத வீடோ?”