ஸ்டேஷன் பாத்ரூம் கழுவப் போன உன் தம்பி பெண்டாட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறான் என்று சின்ன வயதில் நீ பேர் வைத்த பல்லிதான் எழுதுகிறேன். அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் காலையிலிருந்து ஒரு வாய் காபி இல்லாமல் அந்தப் பொய்யை எப்படி எழுதுவது?

எல்லாம் உன் தம்பி பெண்டாட்டியால் வந்தது. எங்கள் தெரு இஸ்திரிக்காரரை உனக்குத் தெரியுமே, அத்தானின் வெள்ளைச் சட்டையைப் புதுசாக்கிக் கொடுத்தாரே, அவர்தான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்ன போலீஸ்காரரிடம் "இதுதாங்க ஓரம்" என்றிருக்கிறார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் வலது கையில் கட்டோடு வந்தார். கேட்டால், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்கிறார் இன்ஸ்பெக்டர். இஸ்திரிப் பெட்டி தூக்குகிற கை, அக்கா. எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனாலும் ரிட்டயரான காலத்தில் நமக்கெதற்கு வம்பு என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இவள் சும்மா இருப்பாளா? தெருப் பெண்களையெல்லாம் திரட்டி, ஆளுக்கொரு பிரஷ், வாளி, பிளீச்சிங் பவுடரோடு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றுவிட்டாள். "போன மாசம் ஆட்டோக்காரர் வழுக்கினார், இப்ப இவர். அவ்வளவு பாசியா? வழி விடுங்க, கழுவிக் குடுத்துட்டுப் போறோம்" என்கிறாள். "எல்லார் மேலயும் கேஸ் போடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "போடுங்க, முதல்ல பாத்ரூமைக் காட்டுங்க" என்று இவள் ஒரே பிடி. தினமும் இதே கூத்து. வீட்டில் நான் சோற்றைக் கரித்தேன், குக்கர் மூடியைத் திறக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், அங்கே பூட்டு, அந்த அம்மாவும் ஸ்டேஷனில். குளிக்கப் போனால் வாளி இல்லை, அதுவும் போராட்டத்துக்குப் போய்விட்டது. வாளிக்காகத்தான், சத்தியமாக வாளிக்காகத்தான், நேற்று அங்கே போனேன்.

போன நேரம், டிவிக்காரர்கள் வந்துவிட்டதால் கதவைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார் மேலதிகாரி. கூட்டம் என்னையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனது. வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். இவள் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தரையெல்லாம் தூசி, மூலையில் சிலந்தி குடும்பமே நடத்துகிறது. "போன மழைக்காலத்துக்கு முன்னாடியே தண்ணி நின்னு போச்சும்மா, நாங்களே பக்கத்துக் கடைக்குத்தான் போறோம்" என்று ஒரு வயதான ஏட்டு வாய்தவறிச் சொல்லிவிட்டார். தெருவே சிரித்தது. இஸ்திரிக்காரரும் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே அழுதுவிட்டார்.

அடித்தவர் பதில் சொல்லவேண்டும், விசாரணை வேண்டும் என்று இப்போது புகார் கொடுக்கிறார்கள். பார்த்ததைச் சொல்லக் கையெழுத்துப் போடு என்று என்னைக் கூப்பிட்டாள். நான் வாளியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ உடனே வந்து இவளுக்குப் புத்தி சொல்லு, உன் பேச்சைத்தான் கேட்பாள்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வயிறு காய்ந்த உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இஸ்திரிக்காரர் என் சட்டையைக் கொண்டுவந்தார். "இடது கையில பழகிக்கிறேன் சார்" என்றார். சட்டையெல்லாம் சுருக்கம். அதையே மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் முதல் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். ஆகவே புத்தி சொல்ல வராதே. வந்தால் பிரஷோடு வா. இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்கு நான் எங்கேயாவது வழுக்கி விழுந்ததாகத் தகவல் வந்தால் நம்பாதே, அக்கா. உன் தம்பி சுவரை விட்டுக் கை எடுக்காதவன் என்று நீதான் வந்து சாட்சி சொல்லவேண்டும்.