கோளரங்கத்தின் கடைசி வரிசை

இந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்தார் ரிப்பேர்காரர். சாதாரணத் தூக்கம் இல்லை. காலையில் ஆரம்பித்து மாலையில் முடிகிற, நடுவில் யாரும் "என்னங்க" என்று கூப்பிடாத தூக்கம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அப்படி ஒன்று அவருக்கு வாய்த்ததே இல்லை.

அவருக்கு வேலை அறிவியல் மையத்தில். 'தொடாதே' என்று எழுதி வைக்கிற இடமல்ல அது. தொடு, திருகு, சுற்று, இழு என்று எழுதி வைக்கிற இடம். பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, எழுதியிருப்பதற்கு மேலேயே செய்துவிட்டுப் போவார்கள். கையால் சுற்றி விளக்கை எரியவைக்கும் சக்கரத்தில் கைப்பிடி கழன்று வரும். காற்றில் மிதக்கும் பந்து யாருடைய பைக்குள்ளோ மிதந்து போயிருக்கும். அத்தனையையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் சரி செய்து நிறுத்துவார் நம்மவர். அங்கே அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷர். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு.

வீட்டில் கதையே வேறு. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சொட்டும் குழாய், கீல் விட்ட அலமாரிக் கதவு, சூடாகாத இஸ்திரிப் பெட்டி, ஒரு சக்கரம் போன சூட்கேஸ் என்று பதினோரு அயிட்டம். எழுதியது மனைவி. படிக்காமல் ஃபிரிட்ஜைத் திறக்கக் கற்றுக்கொண்டவர் கணவர்.

புதன்கிழமை சாயங்காலம் விஷயம் வெடித்தது.

"என்னங்க, இந்த ஞாயிறு உங்களுக்கு லீவுதானே?"

"லீவா? நல்லாக் கேட்டே போ. அன்னைக்கு மையத்துல குடும்ப விழா. ஊரே திரண்டு வருது. நான் இல்லாம எப்படி?"

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசம் ஆசிரியர் பயிற்சி. இது குடும்ப விழா. ரெண்டும் ஒண்ணா?"

"அப்போ குழாய்?"

"சொட்டுதுதானே? கொட்டலையே?"

"பிள்ளைங்ககிட்ட என்னமோ சொல்வீங்களே, ஒரு பொருள் சரியா வேலை செய்யலேன்னா அது நம்மகிட்ட கேள்வி கேட்குதுன்னு அர்த்தம்னு. இந்தக் குழாய் நாலு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கு. ஏதாவது பதில் சொல்லுங்க."

"அடுத்த மாசம் சொல்றேன்னு சொல்லு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமை குடும்ப விழா இருந்தது. டியூட்டிதான் இல்லை. மையத்தில் அவரை லீவு என்று எழுதியிருந்தார்கள், வீட்டில் அவர் டியூட்டி என்று சொல்லியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு நாளைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொள்வது என்பது திட்டம். எங்கே போய்ப் படுப்பது என்றும் யோசித்து வைத்திருந்தார். மையத்தில் கோளரங்கம் இருக்கிறது. கும்மிருட்டு. குளுகுளு ஏசி. வானத்தைப் பார்ப்பதற்காகப் பின்னால் சாய்கிற நாற்காலி. விழா எல்லாம் பெரிய கூடத்திலும் தோட்டத்திலும்தான் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். கோளரங்கக் காட்சி மாலை நான்கு மணிக்குத்தான். பின்வாசல் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது.

வியாழக்கிழமை முதல் மனைவி குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஞாயிறு காலை துவைத்த சட்டையைக் கையில் கொடுத்து, "பாவம், லீவுகூட இல்லாம உழைக்கிறீங்க" என்று வேறு சொன்னாள். கேட்டதும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தன் திறமையை நினைத்துத்தான்.

ஒன்பது மணிக்குக் கோளரங்கத்தின் கடைசி வரிசையில் நடு நாற்காலிகள் மூன்றின் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, ஒரு குட்டித் தலையணையோடு சாய்ந்தார். ஒன்பது ஐந்துக்கு அவர் இந்த உலகத்தில் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமாம். இங்கே பூலோகம் ஏற்கெனவே இருட்டாக இருந்ததால் பூனைக்கு வேலையும் மிச்சம்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. ஏதோ சலசலப்பு. கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தார். இருட்டில் ஒரு பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேமரா வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். இருட்டுல இருந்தாலும் நம்ம உடம்போட சூடு இதுக்குத் தெரியும். மேல பாருங்க. காலி நாற்காலி எல்லாம் நீலம். நீங்க எல்லாரும் சிவப்பு, மஞ்சள். கை ஆட்டுங்க பார்ப்போம்!"

நூற்றைம்பது குடும்பங்கள் கை ஆட்டின. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகிப் பெரிய கூடத்தில் இடம் போதாமல், தொடக்க நிகழ்ச்சியைக் கோளரங்கத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அது நம்மவருக்கு எப்படித் தெரியும்?

"அக்கா, கடைசி வரிசையில என்னமோ மலை மாதிரி இருக்கே, அது என்ன?"

"அக்கா! அது ஏறி இறங்குது!"

ரிப்பேர்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். தலைக்கு மேலே வட்ட வானம் முழுக்க ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். வயிறு செக்கச்செவேலென்று, மூக்கு மட்டும் மஞ்சள். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டார். தெரியாமல் என்ன செய்யும்? அந்தக் கேமராவை வெள்ளிக்கிழமை ஏழு மணி வரை உட்கார்ந்து ரிப்பேர் செய்தவரே அவர்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருந்தார்.

"அது எங்க அப்பா!" என்று ஒரு குரல். சந்தேகமே இல்லை. ஆறாவது படிக்கும் அவருடைய மகள்.

விளக்கைப் போட்டார்கள். நூற்றைம்பது குடும்பமும் திரும்பிப் பார்த்தது. கள்ளனுக்குத் தேள் கொட்டியது போல வாயைத் திறக்காமல் தலையணையைப் பின்பக்கம் ஒளித்தார். நான்கு வரிசைக்கு முன்னால் மனைவி எழுந்து நின்றாள். கோபமே இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

"பார்த்தீங்களா மேடம், நான்தான் சொன்னேனே?" என்றாள் மையத்தின் நிகழ்ச்சி அலுவலரிடம். "நேரத்துக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துடுவாருன்னு."

"ரொம்ப நன்றி சார்!" என்றார் அலுவலர். "லீவு நாள்லயும் வந்து இவ்வளவு பெரிய வேலையை ஏத்துக்கிட்டீங்களே. உங்க வீட்டம்மா வியாழக்கிழமை போன்ல சொன்னப்போ எனக்கு நம்பிக்கையே வரலை. வாங்க, மேசை ரெடியா இருக்கு."

"எந்த மேசை?" என்றார் ரிப்பேர்காரர்.

பெரிய கூடத்தின் நடுவில் நீளமான மேசை. மேலே பலகை: 'ஓடாததைக் கொண்டு வாருங்கள்! எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்!' ஒரு பக்கம் அவருடைய கருவிப் பெட்டி. இன்னொரு பக்கம் கடிகாரமும் ரேடியோவும் பொம்மை ரயிலுமாக வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வரிசையில் முதல் ஆள் அவர் மனைவி. ஒற்றைச் சக்கரத்தில் கடகடவென்று இழுத்து வந்த சூட்கேஸைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இஸ்திரிப் பெட்டி. மேசை விளக்கு. கடிகாரம். அலமாரிக் கதவு வெளியே வண்டியில இருக்கு, தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"கதவை எப்படிடீ கழற்றினே?" என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார்.

"கழற்ற யாரால முடியாது? மாட்டத்தான் ஆள் வேணும்." கடைசியாக ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே குழாய்.

"இதையுமா!"

"மொட்டை மாடித் தொட்டி வால்வை மூடிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க இதைச் சரி பண்ணினாத்தான் இன்னைக்கு வீட்ல தண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும், எனக்கு லீவுன்னு?"

"விழாவுக்குப் பொண்ணு பேரைக் குடுக்கப் போன் பண்ணினேன். 'அவருக்கு அன்னைக்கு லீவாச்சே, குடும்பத்தோட வருவீங்கல்ல'ன்னு மேடம் கேட்டாங்க. உங்க மானத்தைக் காப்பாத்த வேண்டாமா? லீவா இருந்தா என்ன, சும்மா இருக்க மாட்டாரு மேடம், ஒரு மேசை போட்டுக் குடுங்கன்னு சொன்னேன். நீங்க என்கிட்ட டியூட்டின்னு சொன்னது பொய்யாகக் கூடாதுல்ல?"

ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் மணி நேரம்தான் எரிச்சல். அதன் பிறகு கை தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. குழாயின் உள்ளே தேய்ந்துபோன வாஷரை எடுத்துக் காட்டியபோது, இருபது பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மகள் பக்கத்தில் நின்று, "எங்க அப்பாவுக்கு எல்லாமே தெரியும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீட்டில் இப்படி இருபது பேர் நின்று பார்த்திருந்தால் குழாய் என்றைக்கோ சரியாகியிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

ஐந்து மணிக்கு எழுபத்து மூன்று பொருள் முடிந்திருந்தது. முதுகு நிமிர மறுத்தது. அப்போதுதான் நிகழ்ச்சி அலுவலர் வந்து காதில் தேனைப் பாய்ச்சினார்.

"சார், லீவு நாள்ல வேலை செஞ்சிருக்கீங்க. பதிலுக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கலாம். எப்போ வேணும்?"

ரிப்பேர்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். மனைவி தூரத்தில் கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் சோப்புக் குமிழித் தொட்டியில். மேசைக்கு எதிரே சரி செய்து வாங்கிய குடையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு ஒரு கண்ணாடி போட்ட அம்மா மட்டும்தான். அந்நிய முகம். ஆபத்தில்லை.

"புதன்கிழமை மேடம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "வீட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

புதன்கிழமை! மனைவி எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் பள்ளிக்கூடம். வீடு முழுக்க அவருக்கு. கோளரங்கமும் வேண்டாம், குட்டித் தலையணையும் வேண்டாம், சொந்தக் கட்டிலிலேயே படுக்கலாம். ராத்திரி சாப்பிடும்போது தன்னையறியாமல் முனகலாக ஒரு பாட்டுக்கூட வந்தது.

"என்னங்க, இவ்வளவு சந்தோஷம்?"

"சும்மாதான். உழைச்ச சந்தோஷம்."

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு ஒரு அம்மாவுக்குக் குடை சரி பண்ணிக் குடுத்தீங்களே, அவங்க யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"நம்ம பொண்ணோட கிளாஸ் டீச்சர். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ரிப்பேர்காரர் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"புதன்கிழமை உங்களுக்கு லீவாமே," என்றாள் மனைவி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறிக்கொண்டே. "அவங்க ஸ்கூல்ல பதினேழு ஃபேன் ஓடலையாம். நீங்க கண்டிப்பா வருவீங்கன்னு சொல்லிட்டேன். ஏணி மட்டும் அவங்களே குடுத்துடறாங்களாம்."