கும்பினிப் படையும் என் மகள் கல்யாணமும்

வெண்ணந்தூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் அப்புசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் தண்டாயுதபாணி எழுதிக்கொள்வது. புதுச்சத்திரத்தில் தாங்களும், தங்கச்சியும், கோழிப்பண்ணையும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கும் யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, பொய் எழுத மனசு வராமல் நிறுத்திவிட்டேன். போனில் பேசலாம்தான். பேசினால் உன் அக்கா சௌந்திரம் பக்கத்திலேயே நின்று கேட்பாள். அதனால்தான் மாப்ளே, கூரியரில் கடிதம்.

தறியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு மேசைமேல் நடத்தும் சண்டை என்பது உனக்குத் தெரியும். பழைய வெள்ளைக்காரக் கும்பினிக் காலத்துச் சண்டை. நீ கொடுத்த முட்டை அட்டையைக் கவிழ்த்துப் பச்சை அடித்தால் மலை, ஜவ்வரிசியைச் சாயத்தில் முக்கி எடுத்தால் பாறை, நூல் கோன் நாலு நிறுத்தினால் கோட்டை. சுண்டுவிரல் உயரத்துக் கும்பினிச் சிப்பாய்கள் ஒருபக்கம், கணவாயை மறித்துக்கொண்டு பாளையக்காரர் ஆட்கள் மறுபக்கம். எந்தச் சரித்திரத்தில் இந்தச் சண்டை என்று கேட்காதே, என் சாப்பாட்டு மேசையில் நடந்தது, அவ்வளவுதான். கூட ஆட ஆள் கிடையாது. பாளையக்காரருக்கு நான் ஆடுவேன், கும்பினிக்காரன் என்ன செய்வான் என்பதைப் பகடை சொல்லும். ஆறு விழுந்தால் பாய்ந்து வருவான், ஒன்று விழுந்தால் திரும்பி ஓடுவான். விழுந்ததை மாற்றக்கூடாது. மாற்றினால் யாரை ஏமாற்றுகிறேன், என்னைத்தானே? இதில் யாருக்கு என்ன கெடுதல், நீயே சொல்லு.

போன புதன்கிழமை வந்தது கெடுதல். நம் ரஞ்சனியும் வேல்முருகன் என்கிற குமாரபாளையத்துப் பையனும் ஒரே இடத்தில் வேலை பார்த்து, மனசு ஒத்துப்போய், பெரியவர்கள் தலையாட்டினால் போதும் என்று இருந்தார்கள் இல்லையா, அந்தப் பையனின் அம்மா முத்தாயம்மாள் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் புதன்கிழமையே வந்து வாசலில் நிற்கிறார். நான் லுங்கியோடு பகடையை உருட்டிக்கொண்டிருக்கிறேன். மேசை முழுக்கப் படை. "இதென்னங்க இது?" என்று கேட்டார். அறுபது தாண்டிய புருஷன் பொம்மை வைத்து, அதுவும் தனியாக, விளையாடுகிறான் என்று சொல்ல உன் அக்காளுக்கு வெட்கம். "காவல் தெய்வமுங்க. நிறுத்தி வச்சு வாக்குக் கேப்பாருங்க. நல்லாப் பலிக்குமுங்க" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்தம்மா உடனே செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, குதிரைமேல் இருந்த கும்பினித் தளபதியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாளையக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டாரா? அவர்கள் வீட்டில் பூ வாக்குக் கேட்காமல் எந்தக் கல்யாணமும் பேசுவதில்லையாம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து எடுத்தால் வெள்ளை வரவேண்டும். "இங்கயே சாமி இருக்கறப்ப கோயிலுக்கு எதுக்குங்க போகோணும்? எது விழுந்தா நல்லதுங்க?" என்று என்னையே கேட்டார். நானும் முட்டாள்தனமாக, "ஆறு விழுந்தா முன்னேறலாமுங்க, ஒண்ணு விழுந்தா திரும்பிரோணும்" என்றேன். கதவிடுக்கில் ரஞ்சனி நிற்கிறாள். போட்டேன் மாப்ளே. ஒன்று. சண்டையில் வேண்டி வேண்டிப் போட்டபோதெல்லாம் வராத ஒன்று!

"இன்னொருக்காப் போடுங்க" என்று உன் அக்கா பல்லைக் கடித்தாள். "சாமிகிட்ட ரெண்டு தடவை கேக்கலாமுங்களா?" என்று சொல்லிவிட்டு அந்தம்மா காபியைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ரஞ்சனி என்னிடம் பேசுவதில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று உன் அக்கா ஒருபக்கம் கத்துகிறாள். "சாமின்னு சொன்னது யாரு?" என்று கேட்டால், "பொம்மைன்னு சொன்னா மட்டும் பொண்ணு எடுப்பாங்களா?" என்கிறாள். போதாக்குறைக்கு எதிர்வீட்டு சென்றாயன் தேங்காய் பழத்தோடு வந்து, லாரி வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு உருட்டச் சொல்கிறான். போடா என்று விரட்டினேன். சாமி கோபமாக இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று பயபக்தியோடு போகிறான். இந்த வீட்டில் மனுஷன் இருப்பானா?

ஆகவே மாப்ளே, உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நாளைக்கே குமாரபாளையம் போய் முத்தாயம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடு. அது சாமியில்லை, பொம்மை, என் மாமன் ஒரு கிறுக்கன் என்றே சொல். என் மானம் போனால் போகட்டும், பிள்ளை வாழ்க்கை நிற்கவேண்டும். வரும்போது முட்டை வேனைக் கொண்டுவந்து மலை, கோட்டை, படை அத்தனையையும் அள்ளிக்கொண்டு போ. இனி பகடையைத் தொடமாட்டேன், இது சத்தியம். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். முட்டை விலை ஏறி, தீவன விலை இறங்கி, நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன மாமன்,
தண்டாயுதபாணி.

பி.கு.: குமாரபாளையம் போகாதே. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் முத்தாயம்மாளே மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரஞ்சனி போனில் பையனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். "சாமி வேண்டாம்னு சொன்னாத்தானுங்க பயம். பொம்மை சொன்னாச் சொல்லிட்டுப் போகுது. ஊட்டுக்குள்ளயே உக்காந்து வெளையாடற மனுசன்னா நல்லதுதானுங்களே" என்றார் அந்தம்மா. ஆவணியில் கல்யாணம், தேதி குறித்தாயிற்று, ரஞ்சனி சிரித்துவிட்டாள். பெண்கள் சமையலறைக்குப் போனதும் பையன் மேசைப் பக்கம் வந்து, "மாமா, கும்பினிக்கு நான் ஆடட்டுங்களா?" என்று கேட்டான். சரியென்றேன். காபி ஆறுவதற்குள் மலையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து கோட்டையைப் பிடித்துவிட்டான் மாப்ளே! இத்தனை வருஷ ஆட்டத்தில் நான் இன்னொருத்தரிடம் தோற்றதே கிடையாது. அதோடு விட்டானா, "பரவால்லீங்க மாமா, நீங்களும் நல்லாத்தான் ஆடுனீங்க" என்று தட்டிக்கொடுக்கிறான். வேன் வேண்டாம். நீ மட்டும் உடனே கிளம்பி வந்து எப்படியாவது இந்தக் கல்யாணத்தை நிறுத்து.