மூன்று தலைமுறை ஆதாரம்

"எங்க வம்சத்துலயே எவனும் மாமனார் வூட்டுல போய்க் குந்துனது கிடையாது. எனக்கு வர்ற மாப்பிள்ளையும் குந்தக் கூடாது. அவ்ளோதான்!"

பீமாராவ் இதைச் சொன்ன வேகத்தில் கையிலிருந்த தட்டிலிருந்து கொஞ்சம் மிக்சர் தரைக்கு வந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அனுவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை இளவழகன் திருவண்ணாமலைக்காரன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். அனு செஞ்சி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "அனு எதுக்கு வேலையை விட்டு அலையணும்? எனக்கு லேப்டாப் வைக்க ஒரு மேசை, நிக்காம வர்ற கரண்டு, ரெண்டும் இருந்தா நானே செஞ்சிக்கு வந்துடறேன்" என்று அவன் போனில் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

கரண்டில் பிரச்சினையில்லை. பீமாராவ் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். வேலைக்காகப் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு வந்து, கம்பம் ஏறி, லைன் இன்ஸ்பெக்டராகி, சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, போன வருடம்தான் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிரச்சினை 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற சொல்லில். அதைக் கேட்டாலே உடம்பு உதறும். சர்வீஸில் மூன்று முறை நிஜமாகவே ஷாக் அடித்திருக்கிறது. அப்போதுகூட அவர் அப்படி உதறியதில்லை.

"வம்சத்துலயே இல்லன்னு எப்பிடிச் சொல்றீங்க நைனா?" என்றாள் அனு. பள்ளிக்கூட வேலை போதாதென்று அவளைச் சென்சஸ் கணக்கெடுப்புக்கும் போட்டிருந்தார்கள். இரண்டு வாரமாக வீடு வீடாகக் கேள்வி கேட்டு, அந்த வியாதி இப்போது சொந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "ஆதாரம் இருக்குதா?"

"நான் சொல்றதுதான் ஆதாரம்."

"வாயால சொன்னா எடுபடாது. மூணு தலைமுறைக்கு எழுத்துல காட்டுங்க. ஒங்க நைனா, தாத்தா, கொள்ளுத் தாத்தா. இதுல ஒருத்தராவது பொறந்த ஊர்லயே குடும்பம் பண்ணாங்கன்னு காட்டுங்க, நான் டிரான்ஸ்பர் வாங்கிக்கினு திருவண்ணாமல போயிடறேன். இல்லன்னா அவரு இங்க வருவாரு. சரியா?"

"ஒருத்தர் இன்னா, மூணு பேரையும் காட்டறேன்!"

பீமாராவ் தொடையைத் தட்டியதும், மனைவி வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாக அடுப்படிக்குள் போனாள். பாவம், மகளைப் பிரிய வேண்டுமே என்று அழுகிறாள் போலிருக்கிறது. ஆறுதல் சொல்லப் பின்னாலேயே போனார்.

"கவலப்படாத வளரு. நான் செயிச்சிடுவேன்."

"செயிச்சா பொண்ணு ஊர விட்டே போயிடுவா. அதயும் நெனப்புல வச்சிக்கினு தேடுங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

அது அவருக்குச் சுருக்கென்றது. அனு ஒரே மகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு டீ தொண்டையில் இறங்காது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது. ஆனாலும் வாயை விட்டாயிற்றே. மானம் என்று ஒன்று இருக்கிறதே!

மறுநாள் காலை அனந்தபுரம் பஸ் ஏறினார்.

அவருடைய நைனா காத்தவராயன் அடக்கமானது அங்கேதான். இடுகாட்டு நோட்டு மாமன் மகன் சுந்தரமூர்த்தியின் பொறுப்பில் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் குழி எங்கே என்று சண்டை வரக் கூடாது என்பதற்காக, காலனியில் ஒவ்வொரு வகையறாவுக்கும் இடுகாட்டில் ஒரு வரிசை ஒதுக்கி நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவருக்கு மட்டும் தனி வரிசை கிடையாது. மாமனார் வரிசையில் ஓரமாகப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். சுற்றுவட்டாரக் காலனிகளிலும் இதே ஏற்பாடுதான்.

சுந்தரமூர்த்தி விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"காத்தவராயன்... இந்தா இருக்குது மச்சான். எண்பத்தொம்பது, ஆடி மாசம். சின்னப்பையன் வரிசை."

"சின்னப்பையன் எங்க அம்மாவோட நைனா ஆச்சே? எங்க நைனாவ எதுக்கு அங்க வச்சீங்க?"

"பக்கத்துலயே எழுதியிருக்குது பாரு. வல்லத்துலேர்ந்து வந்த மாப்ள."

"யோவ், எங்க நைனா களத்து வேலைக்கில்ல வந்தாரு!"

"வேலைக்குத்தான் வந்தாரு. எங்க அத்தையக் கட்டிக்கினு இங்கயே தங்கிட்டாரு. வெளியூர்க்காரன் வேலைக்கு வந்தா அப்பிடித்தான ஆவும்? இது ஒனக்குத் தெரியாதா?"

தாய்மாமன் வீடு தற்செயலாகப் பக்கத்தில் இருந்தது என்றுதான் அறுபது வருடமாக பீமாராவ் நினைத்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார்.

சாயங்காலம் அனு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பாதிப் பக்கம் ஒங்க கட்டை விரல்தான் இருக்குது?"

"கை மறைச்சிடுச்சும்மா. வெயிலு."

"வரிசைப் பேரு எழுதுற எடத்துல மட்டும் வெயிலா?"

அவர் தடுப்பதற்குள் அனு சுந்தரமூர்த்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். மனிதர் நல்ல குரல்வளம் உள்ளவர். முழுப் பக்கத்தையும் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். அனு ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, 'தலைமுறை ஒன்று: வீட்டோட மாப்பிள்ளை' என்று எழுதினாள்.

"அவரு கஷ்டத்துல செஞ்சிட்டாரு" என்றார் பீமாராவ். "எங்க தாத்தா இருசனப் பத்தி விசாரி. வல்லமே நடுங்கும்!"

வல்லத்தில் தர்மநாதன் என்று ஒரு சமண விவசாயி. எழுபது வயது. அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊர்க் கணக்குப்பிள்ளை. முப்பத்தொன்றாம் வருட சென்சஸின்போது எழுதிய வீட்டுக் கணக்கில் ஒரு நகல் அவர் பரணில் கிடந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டு பீமாராவ் போனார். தர்மநாதனுக்கு மூன்றாவது ஆள் கிடைத்ததில் ஏக சந்தோஷம். கடலைக்காய் அவித்துக் கொடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வீட்டு நம்பர் பதினாலு. குடும்பத் தலைவி தைலம்மாள், வயசு அம்பது, கைம்பெண். அடுத்தது, இருசன், தகப்பன் பேரு கன்னியப்பன், வயசு இருபத்தாறு, பொறந்த ஊரு பனமலை. இவருதானே சார் ஒங்க தாத்தா?"

"இவருதான்! இவரேதான்!"

"தலைவிக்கு இன்னா உறவுன்னு கேட்ட எடத்துல... மருமகன்."

பீமாராவ் உரித்த கடலையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார்.

"சார், பக்கத்து வூட்டுக்காரர எதுவும் தப்பா இங்க எழுதியிருப்பாங்களோ?"

தர்மநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் இறுகிவிட்டது.

"விளக்கு ஏத்துனா பூச்சி விழுந்து செத்துடும்னு பொழுது சாயறதுக்குள்ள கணக்கு எழுதி முடிச்சவரு சார் எங்க தாத்தா. ஒரு பூச்சிக்குக் கெடுதல் நெனைக்காத மனுசன் ஒங்க தாத்தாவுக்கா கெடுதல் பண்ணுவாரு?"

"கோவிச்சிக்காதீங்க சார். ஒண்ணே ஒண்ணு. இத யாருகிட்டயும் காட்டாதீங்க."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. யாரிடமும் காட்டாதீர்கள் என்று ஒருவர் கெஞ்சுகிறார் என்றால் இது எவ்வளவு பெரிய பொக்கிஷமாக இருக்க வேண்டும் என்று தர்மநாதன் யோசித்தார். பீமாராவ் பஸ் ஏறிய மறு நிமிடம் படம் எடுத்து, 'செஞ்சி பீமாராவ் சாரின் தாத்தா' என்ற குறிப்போடு, செஞ்சிப் பக்கத்து வரலாற்று ஆர்வலர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருநூற்று நாற்பது பேர் உள்ள குழு. அதில் ஒருவன் இளவழகன்.

செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பீமாராவின் போன் அடித்தது.

"மாமா! தாத்தா எண்ட்ரி பாத்தேன், சூப்பர்! மாமியார் வூட்டுல இருந்துக்கினே வல்லத்தையே நடுங்க வச்சிருக்காரு பாருங்க. எனக்கு இப்ப தைரியமா இருக்குது மாமா!"

பீமாராவ் போனை அணைத்துப் பையில் போட்டார். வீட்டில் அனுவின் தாளில் இரண்டாவது கட்டமும் நிரம்பியிருந்தது. வளர்மதி மறுபடியும் முந்தானையோடு அடுப்படிக்குள் இருந்தாள்.

இனி ஒரே வழிதான். பனமலைக்குப் போகவே கூடாது. தேடினால்தானே கிடைக்கும்? கொள்ளுத் தாத்தாவாவது நிம்மதியாக இருக்கட்டும். வெள்ளி, சனி இரண்டு நாளும் வாசற்படி தாண்டாமல், முதுகு வலி என்று படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. குழுவில் இளவழகனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, தர்மநாதன் ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினார்.

"ஒங்களுக்காகப் பரணையே கீழ எறக்கிட்டேன் சார்! எங்க தாத்தாவோட சம்பந்தி பனமலைக் கணக்குப்பிள்ளை. பதினெட்டாம் வருச விஷக் காய்ச்சல்ல செத்து, ஏரிக்கரையோரம் பொதைச்சவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காரு. நாப்பத்தோராவது பேரு பாருங்க. கன்னியப்பன்!"

"எனக்கு முதுகு வலி சார்" என்றார் பீமாராவ்.

"நீங்க படுத்துக்கங்க, நானே படிக்கறேன். 'கன்னியப்பன், செஞ்சியிலிருந்து வந்து, இவ்வூரில் பெண் கட்டித் தங்கினவன்.'"

அனு மூன்றாவது கட்டத்தை எழுதினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க நைனா" என்று அவர் கையைப் பிடித்தாள். "அதனால யாரு கொறைஞ்சு போயிட்டாங்க?"

பீமாராவ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் இப்படிக் கவிழ்த்துவிட்டார்களே! ஒருத்தருக்காவது ரோசம் இருந்ததா? திடீரென்று அவர் முதுகு வலி மாயமாகப் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்தார்.

"சார், எங்கேர்ந்து வந்தவன்னு போட்டிருக்குது?"

"செஞ்சியிலேர்ந்து."

"அப்பிடின்னா எங்க பூர்வீகமே செஞ்சி!" பீமாராவ் கட்டிலை விட்டுக் குதித்தார். "செஞ்சியில கெளம்புன வம்சம், பனமல, வல்லம், அனந்தபுரம்னு ஊர் ஊரா மாமனார் வூட்டுத் திண்ணையில குந்திக்கினே போயிருக்குது. அத சொந்த மண்ணுக்குத் திருப்பிக் கொண்டாந்தது யாரு? நான்! சொந்த ஊர்ல, சொந்தச் சம்பளத்துல, சொந்த வூடு! என்னோட அந்தப் பழக்கம் ஒழிஞ்சுது. ஒழிஞ்சத மறுபடி ஆரம்பிக்கணுமா அனு?"

"நைனா, வேணாம். இதோட நிறுத்திக்கலாம்" என்றாள் அனு.

"எழுத்துல காட்டணும், அவ்ளோதான? வா, செஞ்சி நோட்டுலயே காட்டறேன். என் பேருல நம்ம வகையறாவுக்குத் தனி வரிசை இருக்கும். அது இருந்துச்சுன்னா நீ திருவண்ணாமல போறே. இல்லன்னா..." கொஞ்சம் தயங்கினார். மகளின் ஸ்கூட்டி சத்தம் ஞாபகம் வந்தது. ஆனால் ரோசம் முந்திக்கொண்டது. "இல்லன்னா மாப்பிள்ளைக்கு மாடியில நானே மேசை போட்டுத் தர்றேன். போதுமா?"

வளர்மதி முந்தானையை எடுத்தாள். இந்தத் தடவை அடுப்படி வரைகூடப் போக முடியவில்லை.

செஞ்சிக் காலனி இடுகாட்டுக் கமிட்டிச் செயலாளர் நெடுமாறன். திருவண்ணாமலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பீமாராவ் முன்னால் நடக்க, அனுவும் தர்மநாதனும் பின்னால் போனார்கள். நாளை நிச்சயத்துக்குப் பூ மாலை சொல்ல வந்திருந்த இளவழகனும் வழியில் சேர்ந்துகொண்டான். கடையில் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் வழிவிட்டார்கள்.

"நெடுமாறா, நோட்ட எட்றா. என் பேரு எந்த வரிசைன்னு படி."

நெடுமாறன் மேசைக்கடியிலிருந்து நீள நோட்டை எடுத்தார். பக்கத்தைத் திருப்பினார். பீமாராவைப் பார்த்தார். அனுவைப் பார்த்தார். அனு தூரத்து மலைமேல் தெரிந்த ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி விசேசத்த வச்சிக்கினு இடுகாட்டு நோட்டு எதுக்கு மாமா? அப்பறமா பாத்துக்கலாமே."

"ஏன், எழுதலியா? இத்தன வருசமா கமிட்டி வரி குடுக்கறேன், எனக்கு ஒரு வரிசை ஒதுக்கலியா?"

"அதெல்லாம் ஒதுக்கியாச்சு மாமா..."

"அப்ப படி! எல்லாருக்கும் கேக்கணும். சத்தமாப் படி!"

நெடுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'அனந்தபுரம் பீமாராவ், கரண்டு ஆபீஸ், பெரியதம்பி பொண்ணு வளர்மதியக் கட்டி, மாமனார் தோட்டத்துலயே வூடு கட்டிக்கினு தங்கின மாப்பிள்ளை, எடம், மாமனார் வரிசை'ன்னு எங்க நைனா எழுதி முப்பது வருசமாச்சு, இது காலனிக்கே தெரியும், ஒங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் மாமா எங்க யாருக்கும் தெரியாது!"