கீச்சென்று கத்தும் தோல்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று யாராவது கேட்டால் சக்கரம், மின்சாரம் என்று ஏதாவது உளறி வைக்காதீர்கள். எங்கள் முதியோர் இல்லத்துக் குளியலறையில் காலையும் மாலையும் எழும் 'கீச்' என்ற ஓசைதான் அது. இல்லத்தின் செயலாளன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன்.

இதை எங்களுக்கு அருளியவர் புதிய மேலாளர். முன்பு ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பிரிவைக் கட்டி ஆண்டவர். கழுவிய தட்டை விரலால் தேய்த்தால் கீச்சென்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் பிசுக்கு போகவில்லை என்பது அவருடைய வேதம். வந்த அன்றே எல்லோரும் அவருக்குப் 'பளபளா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பெரியவரின் முழங்கையைத் தேய்த்துப் பார்த்தார். சத்தமே இல்லை.

"என்ன சார் இது! இவ்வளவு பிசுக்கோடயா இவங்கள வெச்சிருக்கீங்க?" என்று பதறிப்போனார்.

அன்று தொடங்கியது 'தூய்மைப் புரட்சி'. இரண்டு வேளையும் ஆவி பறக்கும் வெந்நீர், கிருமிநாசினி சோப்பு, முரட்டு நார். குளித்தவர்களை வரிசையாக நிறுத்திப் பளபளா விரலால் தேய்ப்பார். கத்தியவர்கள் நாற்காலிக்குப் போகலாம். கத்தாதவர்கள் மறுபடியும் குழாயடிக்கு.

என் மாமனாரும் அங்கேதான் இருந்தார். சொந்த மாமனாரையே புரட்சிக்கு ஒப்புக்கொடுத்த தியாகத்தை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. மனிதர் முதல் வாரத்திலேயே முதல் தரமாகக் கத்தினார். கூடவே சொறியவும் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, உடம்பெல்லாம் அரிப்பு பிடுங்குது. கண்ணை மூட முடியல. கால் வெடிச்சு ரத்தம் வருது பாருங்க. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"பழைய அழுக்கு வெளிய வரும்போது அப்படித்தான் இருக்குமாம், மாமா. நீங்கதான் இங்க நல்லாக் கத்துறீங்க. தூய்மையான இல்லத்துக்கான விருது வர்ற நேரத்துல போனா எப்படி?"

விரைவில் எல்லோரும் சொறியத் தொடங்கினார்கள். அவசரக் கூட்டம் போட்டோம். ஒரு தோல் டாக்டரம்மாவையும் அழைத்திருந்தோம். கூட்டத்துக்கு ஒரு களை வேண்டாமா?

"வயசாக ஆக, தோல்ல எண்ணெய்ப்பசை தானாவே குறைஞ்சுடும்," என்றார் அவர். "செங்கல்லுக்கு நடுவுல சாந்து மாதிரி அதுதான் ஈரத்தை உள்ள பிடிச்சு வெக்குது, கிருமிய வெளிய நிறுத்துது. மிச்சம் மீதி இருக்கிறதையும் நீங்க சுரண்டி எடுக்குறீங்க. சோப்பைக் குறைங்க, வெதுவெதுப்பான தண்ணி போதும். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள களிம்பு தடவுங்க."

"களிம்பா?" பளபளாவின் குரல் தழுதழுத்தது. "அப்புறம் சத்தம் எப்படிங்க வரும்?"

"சத்தம் எதுக்குங்க வரணும்?"

அடிப்படை ஞானமே இல்லாத இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல், நன்றி கூறி அவரை வழியனுப்பினோம். பிறகு, சொறிவதுதான் சிக்கல் என்று ஏகமனதாகக் கண்டுபிடித்து, எல்லோர் கைகளிலும் உறை மாட்டத் தீர்மானித்தோம். முன்மொழிந்தவன் அடியேன்.

விருது ஆய்வுக்கு வந்த அதிகாரி தம் விரலாலேயே மாமனாரின் முழங்கையைத் தேய்த்தார். கீச்! அதிகாரிக்கு மெய்சிலிர்த்தது. மாமனாருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதை 'ஆனந்தக் கண்ணீர்' என்று ஏற்றுக்கொண்டார்கள். 'மிகத் தூய்மையான இல்லம்' என்ற கேடயம் எங்களுக்கே கிடைத்தது. அதற்குள் மாமனார், கால் வெடிப்பில் சீழ் வைத்து, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்ததே பெரிய பாடு.

திரும்பி வந்தவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரவேற்பறைக்குள் நுழைந்தேன். சுவரில் மாட்டிய மரக் கேடயத்துக்குப் பளபளா மெத்தென்ற துணியால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல அவ்வளவு பதமாக. தரை துடைக்க வந்த அம்மாள் வாளியோடு நெருங்கியதும் அலறினார்.

"எம்மா, தள்ளிப் போ! சோப்புத் தண்ணி ஒரு சொட்டு தெறிக்கக் கூடாது. பழைய மரம். எண்ணெய்ப்பசை போச்சுன்னா காய்ஞ்சு வெடிச்சிடும்!"

நான் சக்கர நாற்காலியைச் சட்டென்று நிறுத்தினேன். விருது வாங்கிய பூரிப்பாக இருக்கும்.

மாமனார் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உறை மாட்டிய கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்பிள்ளை, என்னையும் அந்தச் சுவத்துலயே மாட்டி விட்டுடுங்களேன்."