அமைதிக் குழுவின் ஒலிபெருக்கி

அமைதிக்காகப் பாடுபட்ட மகான்கள் உலகில் எத்தனையோ பேர். ஆனால் அமைதியை வேனில் ஏற்றி, மேலே இரண்டு ஒலிபெருக்கி கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை அந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கம் ஒன்றையே சேரும்.

அந்த ஆண்டு பள்ளி திறந்தது, கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் படிக்க வேண்டும் என்று உத்தரவு. செய்தி வந்ததுமே சங்கம் கொதித்தெழுந்து கூட்டம் போட்டது. 'மாணவர் துயர் துடைப்பு அமைதிக் குழு' உதயமானது. தலைவர், மெத்தைக் கடை முதலாளி. செயலாளர், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் படைத்தவர். அந்தக் குரலுக்கு இதுவரை ஒரு மைக் வாய்க்கவில்லையே என்பதுதான் அவருடைய ஒரே மனக்குறை.

"பிள்ளைங்களுக்கு என்ன தேவைன்னு அவங்களையே கேட்டா என்ன?" என்று பொருளாளர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அவங்களுக்காகத்தானே நாம பேசிக்கிட்டிருக்கோம்? நடுவுல அவங்க எதுக்கு?" என்றார் தலைவர்.

பொருளாளர் தன் தவறை உணர்ந்து டீயைக் குடித்தார். பிள்ளைகளுக்குத் தேவை அமைதியே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வகுப்பு நேரத்தில் மிக்சி, ஹாரன், நாய், மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை எல்லாவற்றுக்கும் தடை. சரி, இதைத் தெருவுக்கு எப்படித் தெரிவிப்பது?

"தள்ளுபடி விற்பனைக்குச் சுத்துற நம்ம கடை வேன் சும்மாதான் நிக்குது. மைக், ஸ்பீக்கர் எல்லாம் ரெடி. குரல்தான் வேணும்," என்றார் தலைவர்.

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் அடக்கத்தோடு தொண்டையைச் செருமினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

செயலாளரின் மகளுக்கு வீட்டில் 'கீச்சு' என்று பெயர். அப்பாவின் குரலில் கால் பங்குகூட அவளுக்கு வாய்க்கவில்லை. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சையின்போது காய்ச்சலில் படுத்துப் பரீட்சையைக் கோட்டைவிட்டவள். டீச்சர் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருந்தார். முதல் நாள் ஒன்பது மணி வகுப்பில் ஒரு பாடத்தைப் பிழையில்லாமல் வாசித்துக் காட்டினால் ஒன்பதாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடி எட்டு. விடுமுறை முழுக்கக் கீச்சு அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதுங்க," என்றாள் மனைவி.

"நான் என்ன, நாளைக்கு இந்தத் தெருவே வாயைத் திறக்காது பாரு!" என்று செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

காலையில் வேன் புறப்பட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களே! சத்தம் போடாதீர்கள்! நம் செல்வங்கள் படிக்கிறார்கள்! மூச்சைக்கூட மெதுவாக விடுங்கள்!"

நடுநடுவே கடையின் பழைய பதிவு தானாகப் புகுந்து, "மெத்தை வாங்கினால் தலையணை இலவசம்!" என்று கூவியது. அதுவும் அமைதி சம்பந்தப்பட்ட விஷயம்தான் என்பதால் குழு ஆட்சேபிக்கவில்லை. வேனைப் பார்த்து நாய்கள் குரைத்தன. நாய் ஒழுங்கு உபகுழு தகரத்தைத் தட்டிக்கொண்டு அவற்றைத் துரத்தியது. கைக்குழந்தைகள் வீறிட்டன. இவ்வளவு இரைச்சலான தெருவிலா இத்தனை நாள் குடியிருந்தோம் என்று செயலாளர் மனம் நொந்தார்; குரலை இன்னும் உயர்த்தினார்.

சரியாக ஒன்பது மணிக்குத் தன் வீடு வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னார். பதவியை வைத்துச் சொந்த மகளுக்குச் சலுகை காட்டுவது முறையல்ல என்று அவருக்குத் தெரியும். பெற்ற மனசு கேட்க வேண்டாமா? அவள் ஜன்னலுக்கு நேரே ஒலிபெருக்கியைத் திருப்பி, மற்ற வீடுகளுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு அமைதி கொடுத்தார்.

மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்து ஏதோ கத்தினாள்.

"தாய்மார்களின் உற்சாகத்தைப் பாருங்கள்!" என்று அறிவித்தார். அவள் நிறுத்துவதாக இல்லை. கடமை என்று வந்துவிட்டால் அவருக்கு மனைவியும் ஒன்றுதான், மற்றவர்களும் ஒன்றுதான். "கரண்டியோட நிக்கிற அம்மா, சத்தம் போடாதீங்க! இது முதல் எச்சரிக்கை!"

வேனை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது கீச்சு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, வாசிச்சியா?"

"வாசிச்சேன்ப்பா. டீச்சருக்குக் கேக்கலை. யாரோ பின்னாடி கத்துறாங்க, மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு என் மைக்கை அணைச்சிட்டாங்க. நான் அப்படியே கடைசி வரைக்கும் வாசிச்சேன்."

"யாரு அந்தப் பாவி? குழுவுல சொல்லி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மனைவி ஒன்றும் பேசவில்லை. ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவளாயிற்றே.

அவருக்கு அவமானமாக இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். "நாளைக்கு அதே நேரம் இன்னொரு தடவை கேக்குறேன் சார். அதோட சரி," என்றார் டீச்சர்.

மாலையில் வெற்றி விழாக் கூட்டம். செயலாளரின் வெண்கலக் குரலைத் தலைவர் வாயாரப் புகழ்ந்தார். செயலாளர் எழுந்து நின்றார்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேன் வேண்டாம்ங்க."

"ஏன்?"

"எம் பொண்ணு பாடம் வாசிக்கணும்."

"அட, அதுக்குத்தானே வேனே விடுறோம்!" என்றார் தலைவர். கைதட்டல்.

"அது இல்லைங்க, சத்தம் அதிகமா இருக்கு..."

"அப்படின்னா இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கட்டிடலாம்," என்றார் பொருளாளர். இந்த முறை அவர் தவறு ஏதும் செய்யவில்லை.

தலைவர் பரிவோடு சொன்னார்: "தொண்டை களைச்சிருந்தா சங்கடப்படாதீங்க. நாளைக்குத் துணைச் செயலாளர் பேசட்டும்."

துணைச் செயலாளர் அதற்குள் மைக்கை எடுத்து ஊதிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். செயலாளருக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. மைக்கையும் பார்த்தார்.

"வேண்டாம்ங்க," என்றார் மெதுவாக. "நானே வர்றேன்."

மறுநாளும் கீச்சு ஒரு பிழையில்லாமல் கடைசி வரி வரை வாசித்தாள். டீச்சருக்கு அன்றும் கேட்கவில்லை. குழுவின் திட்டம் மகத்தான வெற்றி. அந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் சத்தம்கூட வெளியே வரவில்லை.