நெற்றியால் படித்தவர்

எறும்புகளை ஆராயும் எறும்புக்காரிக்கு ஒரு சின்னச் சிக்கல். உலகத்தில் உள்ள அத்தனை விஷயங்களையும் சரியாகச் சொல்லும் ஒரு மனிதர், எறும்பைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு தப்பாகச் சொல்ல முடியும்?

அந்த மனிதருக்கு நெற்றிஞானி என்று பெயர். புத்தகத்தைத் திறக்க மாட்டார். கண்ணை மூடி, அட்டையை நெற்றியில் ஒட்டி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், உள்ளே இருப்பது எல்லாம் அவருக்குள் இறங்கிவிடும். நமக்கெல்லாம் ஒரு புத்தகத்தைப் படிக்க ஒரு வாரம் ஆகிறது. கண் என்ற பழைய கருவியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறோம்.

அவர் ஊருக்கு வந்த நாளிலிருந்து, எறும்புக்காரி வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்தின் வாசலில் நடக்க இடமில்லை. தேர்வு எழுதும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், வேலை தேடுகிறவர்கள், வேலையில் தூங்குகிறவர்கள். எல்லோர் தலையிலும் ஒரு நீலத் துணிப்பட்டை. ஞானியின் நெற்றியில் ஒருமுறை பட்ட பட்டை அது. அதைக் கட்டிக்கொண்டால் படித்தது மறக்காதாம். படிக்காதது?

"அதுவும் வரும்" என்றார் பட்டை விற்கும் சீடர். "விலை மட்டும் கொஞ்சம் கூட."

நிறுவனத்தின் இயக்குநரே முதல் பட்டையைக் கட்டிக்கொண்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கீழே துருவை ஆராய்கிறவர் இருந்தார், பழங்காலக் கப்பல்களை ஆராய்கிறவர் இருந்தார், நட்சத்திரங்களை ஆராய்கிறவர் இருந்தார். இன்னும் இசை, மொழி, மண், சட்டம் என்று மாடிக்கு மாடி ஆட்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. யார் பேசுவதும் இயக்குநருக்குப் புரியாது. இத்தனை பேர் வேலையையும் ஒரே ஆள் நெற்றியால் முடித்துவிடுகிறார் என்றால் எந்த நிர்வாகிக்குத்தான் கண் கலங்காது?

ஒரு நாள் இயக்குநர் எறும்புக்காரியின் அறைக்கு வந்தார்.

"ஞானி இந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாரும்மா. அறிவோட்டம் இங்கதான் தடைபடுதாம்."

"என்ன ஓட்டம் சார்?"

"அறிவோட்டம். அதனால இந்த அறைய நெற்றி மண்டபமா மாத்தப் போறோம். வர்ற பாராட்டு விழாவுல அறிவிச்சிடுவேன். உங்க எறும்பையெல்லாம் வெளியில எங்கயாவது விட்டுடுங்க. அதுங்களுக்கு வெளியில இருக்கப் பழக்கம்தானே?"

அந்த அறைதான் நிறுவனத்திலேயே பெரியது. தெருவைப் பார்த்த தனி வாசலும் அதற்குத்தான் உண்டு. பட்டை விற்க வசதி. அறிவோட்டத்துக்கு ஏனோ எப்போதும் தெருவாசல் தேவைப்படுகிறது.

சுவர் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே புற்றுகள். ஒவ்வோர் எறும்பின் முதுகிலும், முடி போன்ற தூரிகையால் அவள் வைத்த ஒரு வண்ணப் புள்ளி. எது எப்போது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. மூலைப் பெட்டியில் இருக்கும் ராணியை, தான் மாணவியாக இருந்தபோது ஒரு தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். வெளியே விட்டால் அந்தக் கூட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அவளுடைய இத்தனை வருட வேலையும் அதோடு போய்விடும்.

முந்தின நாள் மேடையில் ஞானி எறும்பைப் பற்றிச் சொன்னது இதுதான்: "புற்றின் நடுவில் எறும்பு ராஜா அமர்ந்து ஆணையிடுகிறார். ஆண் எறும்புகள் வெளியே போய் உழைக்கின்றன. பெண் எறும்புகள் வீட்டைப் பார்த்துக்கொள்கின்றன."

கூட்டம் கைதட்டியது. எறும்புக்காரிக்குத் தலை சுற்றியது. எறும்பில் ராஜாவே கிடையாது. தரையில் ஓடியாடி உழைக்கிற எறும்பு அத்தனையும் பெண். ஆணுக்கு இறக்கை உண்டு, வேலை கிடையாது, ஆயுளும் கொஞ்சம். ராணியும் ஆணையிடுவதில்லை, முட்டையிடுகிறாள். பிறகு யார் சொல்லி வரிசையாகப் போகின்றன? யாரும் சொல்வதில்லை. சாப்பாட்டைக் கண்ட எறும்பு, திரும்பி வரும்போது வயிற்றால் தரையில் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே வரும். அடுத்தது அதை முகர்ந்து போகும், சாப்பாடு இருந்தால் தானும் தடவும். தடவத் தடவ வழி பலமாகும். சாப்பாடு தீர்ந்தால் தடவ ஆளில்லை, வாசனை மறைந்துவிடும். கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையான ஏற்பாடு.

'எனக்குத் தெரிஞ்ச ஒண்ணுல இவ்வளவு தப்பு. ஆனா மத்தவங்க எல்லாரும் கும்பிடறாங்களே. ஒருவேளை நான்தான் தப்போ?' இதுதான் அவள் சிக்கல். படித்தவர்களுக்கு மட்டுமே வருகிற நோய் இது.

சிக்கலின் நுனி அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கிடைத்தது. அக்கா தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்கத் தொங்கும் பாதி முடிந்த சட்டைகள், நடுவில் நீலப்பட்டை கட்டிய தலையோடு அக்கா.

"நீயுமா அக்கா?"

"சும்மா பேசாதடி. நேத்து அவர் பேச்சைக் கேட்டேன். உன் எறும்பைப் பத்தி எவ்வளவு அழகா சொன்னார் தெரியுமா? அந்த ராஜா, அந்த ஆணை… எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நீயும்தான் இத்தனை வருஷமா எறும்பு எறும்புங்கற, ஒரு நாளாவது ராஜாவைப் பத்தி சொன்னியா?"

"இல்லாத ராஜாவை எப்படிக்கா சொல்றது? சரி, தையலைப் பத்தி என்ன சொன்னார்?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். குரலும் கொஞ்சம் இறங்கியது.

"அது மட்டும் கொஞ்சம் ஒத்து வரலடி. துணியை எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒண்ணுதான்னார். நேரா வெட்டினா ஒரு மாதிரி நிக்கும், குறுக்கா வெட்டினா இழுத்துக்கும். புதுசா கத்துக்க வர்றவங்களுக்கே தெரியும். ஆனா தையல் ஒரு சின்ன விஷயம். மத்ததெல்லாம் சரியாத்தானே சொல்றார்?"

எறும்புக்காரி அக்காவையே பார்த்தாள். எறும்பு தெரியாத அக்காவுக்கு எறும்பு சரி, தையல் தப்பு. தையல் தெரியாத தனக்கு, நேற்று மேடையில் கேட்டபோது தையல் சரியாகத்தான் இருந்தது!

"என்னடி அப்படிப் பாக்கற?"

"அக்கா, நாளைக்கு விழாவுக்கு வா. பட்டையைக் கட்டிக்கிட்டே வா."

மறுநாள் காலை தேநீர் அறையில் துருக்காரரும் நட்சத்திரக்காரரும் கப்பல்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் சட்டைப் பையிலும் நீலப்பட்டை எட்டிப் பார்த்தது. தலையில் கட்ட வெட்கம், தூக்கிப் போடப் பயம்.

"துருவைப் பத்தி ஞானி சொன்னது சரியா சார்?" என்றாள்.

துருக்காரர் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது. "துரு பிடிச்சா இரும்பு எடை குறையும், காத்துல கரைஞ்சு போகும்னார். அது… ஒரு கவித்துவமா சொன்னாரோ என்னமோ. ஆனா நட்சத்திரத்தைப் பத்தி பிச்சு உதறிட்டார்."

நட்சத்திரக்காரர் இருமினார். "செவப்பு நட்சத்திரம்தான் ரொம்பச் சூடுன்னார். நான் பெரிசுபடுத்தல. ஆனா கப்பல் வரலாறு இருக்கே, அபாரம்!"

"பாய்மரக் கப்பல் எந்த மாசமும் எந்தத் துறைமுகத்துக்கும் போகும்னார்" என்றார் கப்பல்காரர், மேசையைப் பார்த்தபடி. "காத்து எந்தப் பக்கம்னு பார்க்காம எப்படிப் போகும்? ஆனா அந்தத் துரு விஷயம்…"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்போ யாராவது விழாவுல எழுந்து சொல்லலாமே?"

"முதல்ல நீங்க எழுந்திருங்க" என்றார்கள் மூவரும் சேர்ந்து. வேறு வேறு துறைகள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. எங்கு பார்த்தாலும் நீலம். மேடையில் ஞானி, பக்கத்தில் சீடர், ஒலிவாங்கியோடு இயக்குநர். எறும்புக்காரி முன்வரிசையில் எழுந்து நின்றாள்.

"சார், ஞானிக்கு எங்க மரியாதையா ஒரு ஏற்பாடு. அவர் ஒவ்வொரு துறையைப் பத்தியும் சொல்லட்டும். அந்தத் துறைக்காரர் மட்டும் எழுந்து, சரியா இல்லையான்னு சொல்லட்டும். மத்தவங்க அதுவரைக்கும் கைதட்டக் கூடாது."

இயக்குநர் மகிழ்ந்து போனார். நிபுணர் வாயாலேயே பாராட்டு! ஞானிக்கும் சந்தேகமில்லை. இதுவரை யார் மறுத்தார்கள்?

துருவைப் பற்றிய புத்தகம் மேடைக்குப் போனது. "துருவின் வேதியியல்!" என்று சீடர் தலைப்பை உரக்கப் படித்து, ஞானியின் நெற்றியில் வைத்தார்.

ஞானி கண்ணை மூடினார். "இந்த ஆய்வில் ஓர் இடைவெளி இருக்கிறது. முன்னோர் அதைக் கவனிக்கவில்லை."

மண்டபம் சிலிர்த்தது. எல்லா ஆய்வும் இப்படித்தான் தொடங்கும். இடைவெளி இல்லையென்றால் எதற்காக ஆராய வேண்டும்? ஆனால் ஒவ்வோர் ஆராய்ச்சியாளருக்கும் அது தன் ஆய்வைப் பற்றி மட்டும் சொன்னது போலவே இருக்கும்.

"இரும்பு துருவாகும்போது தன் எடையை இழந்து காற்றில் கரைகிறது" என்று முடித்தார் ஞானி.

துருக்காரர் எழுந்தார். "அது வந்து… ஒரு கோணத்தில் பார்த்தால்…"

"சரியா, இல்லையா சார்?" என்றாள் எறும்புக்காரி.

அவர் ஒரு முறை மூச்சு இழுத்தார். "இல்லை. இரும்பு காற்றில் இருக்கிற ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டுதான் துருவாகிறது. உதிர்ந்ததையும் சேர்த்து நிறுவையில் போட்டுப் பார்த்தால் எடை கூடியிருக்கும்."

ஞானி புன்னகைத்தார். "மகனே, நான் சொன்னது உள்ளத்தின் துரு."

"உள்ளே பிடிச்சாலும் எடை கூடத்தான் செய்யும் ஐயா."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பும் எறும்பு வாசனை போலத்தான், ஒருவர் தடவினால் போதும். நட்சத்திரக்காரர் தன்னைக் கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டார். "என் துறையிலும் தப்புதான்! சிவப்பைவிட நீலம்தான் சூடு. வீட்டு அடுப்பைப் பாருங்க, நீலமா எரியும்போதுதான் நல்லா வேகும்!" அடுத்துக் கப்பல்காரர். அடுத்து மண், சட்டம், இசை. ஆளாளுக்கு எழுந்து தங்கள் துறையில் மட்டும் ஒரு தப்பு நடந்ததாகச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாத் துறையும் எழுந்து நின்றிருந்தது.

"அப்போ தையலும் தப்புதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அக்கா. தலைப்பட்டையைக் கழற்றி விளிம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தையலைப் பாருங்க. ஒரு தடவை துவைச்சா போதும், பிரிஞ்சுடும். இதையா காசு கொடுத்து வாங்கினேன்?"

"சந்தேகக் காற்று வீசுகிறது" என்றார் ஞானி. "இதில் நெற்றி வேலை செய்யாது."

"கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று எறும்புக்காரி பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

சீடர் இப்படியும் அப்படியும் திருப்பினார். "புத்தகத்தோட பேரு என்னம்மா?"

"நெற்றிக்குத் தெரியாதா?"

வேறு வழியில்லை. ஞானி அதை நெற்றியில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை இறங்கியது, அறிவு மட்டும் இறங்கவில்லை. கடைசியில் கைவசம் இருந்த ஒரே வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

"இதில்… ஓர் இடைவெளி இருக்கிறது. முன்னோர் அதைக் கவனிக்கவில்லை."

எறும்புக்காரி காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகம். ஒரு பக்கத்தில் பெரிய யானை, வெறும் கோடாக.

"இந்த ஒரு தடவை ஞானி சொன்னது முழுக்கச் சரி" என்றாள். "இடைவெளி இருக்கு. யானைக்கு இன்னும் யாரும் வண்ணம் தீட்டல."

பிறகு நடந்த சத்தத்தில் ஞானியும் சீடரும் எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. அறிவோட்டத்துக்குத் தேவைப்பட்ட அந்தத் தெருவாசல் பக்கம் போயிருக்கலாம். இயக்குநர் தன் தலைப்பட்டையை அவிழ்த்து, அதற்காகவே எடுத்தது போல அதைக்கொண்டு தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்க அறை உங்களுக்கேம்மா" என்றார். "எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துது. நிர்வாகத்தைப் பத்தி அவர் சொன்னது மட்டும் கொஞ்சம் சரியில்லை."

எறும்புக்காரி அறைக்குத் திரும்பினாள். ராணி மூலைப் பெட்டியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஆணையிடாமல்.

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போய் பட்டை வாங்கினோமே, அப்படின்னா நாங்க எறும்பை விட மோசமாடி?" என்றாள் கூடவே வந்த அக்கா, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

"எறும்பு சாப்பாட்டைப் பாத்துட்டுத்தான்க்கா வழியைத் தடவும். நாம பாக்காமலே தடவறோம்."

ஆகவே, சிக்கலுக்கு விடை இது. எல்லாம் தெரிந்தவர் என்று யாராவது வந்தால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவரிடம் கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால், மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம், 'உங்களுக்குத் தெரிந்ததில் என்ன சொன்னார்?' என்று கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். நெற்றி எல்லோருக்கும் இருக்கிறது. வேலை செய்ய வேண்டியது அதற்குப் பின்னால் இருப்பது.